இருநூறு பீஸ், ஐயாயிரம் சட்டை

திருப்பூரில் ஏற்றுமதிக்குத் தயாரான 5,000 டி-ஷர்ட்டுகள் அட்டைப்பெட்டிகளில் அடுக்கப்பட்டுவிட்டன. தர ஆய்வாளர் அத்தனையையும் பிரித்துப் பார்ப்பதில்லை. 200 பீஸ்களை எடுத்து, மேசையில் விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல், கோணிய கழுத்துப்பட்டி என்று தேடுகிறார். ஆறு பீஸ் தேறவில்லை என்று வைத்துக்கொள்வோம். 200க்கு 6 என்றால் 100க்கு 3. அந்த விகிதப்படி 5,000க்கு 150.

பள்ளிக்கூடத்து விகிதக் கணக்குதான். ஆனால் அந்த 150ஐ அப்படியே நம்பிவிடக் கூடாது. வேறு 200 பீஸ் எடுத்திருந்தால் மூன்றும் சிக்கியிருக்கலாம், பத்தும் சிக்கியிருக்கலாம். இந்த ஆறை வைத்து 95 சதவீத உறுதியோடு சொல்ல முடிவது, பழுது சுமார் 1 முதல் 6.5 சதவீதம்வரை, அதாவது 50லிருந்து 325 சட்டைகள்வரை இருக்கலாம் என்பதே. சரி, 200இல் ஒன்றுகூடச் சிக்காவிட்டால்? அதற்கும் ஓர் எளிய வழி உண்டு: 3ஐ 200ஆல் வகுங்கள். 1.5 சதவீதம். பழுதே கண்ணில் படாத 5,000 சட்டை லாட்டிலும் 75 பழுதுச் சட்டைகள்வரை இருக்க இடமுண்டு.

எல்லாவற்றையும் சோதித்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். தீக்குச்சி பற்றுமா என்று அறிய அதை உரசித்தான் ஆகவேண்டும். அத்தனையையும் உரசினால் விற்பதற்கு எது மிஞ்சும்? அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஹரால்ட் டாட்ஜ், ஹாரி ரோமிக் இருவரும் இப்படி ஒரு பகுதியை மட்டும் எடுத்துச் சோதிக்கும் மாதிரி ஆய்வுக்கான அட்டவணைகளை வகுத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ராணுவத் தளவாடங்களைச் சோதிக்க இம்முறை பெரிதும் உதவியது. இன்றைய ஐஎஸ்ஓ 2859 அட்டவணை அந்த வழியில் வந்ததுதான். வழக்கமான ஆய்வில், 3,201 முதல் 10,000 வரையான லாட்டுக்கு 200 பீஸ். ஏக்யூஎல், அதாவது ஏற்கத்தக்க பழுது வரம்பு, 2.5 சதவீதம் என்றால் பத்து பழுதுவரை பாஸ், பதினொன்று வந்தால் ரிஜெக்ட்.

'பத்து சதவீதம் பார்த்தால் போதும்' என்ற பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அது தவறு. 100 பீஸில் 3 பழுது இருக்கும்போது 10 எடுத்தால், ஒன்றுகூடச் சிக்காமல் போக 73 சதவீத வாய்ப்பு. 5,000இல் 150 பழுது இருக்க 500 எடுத்தால், ஏறக்குறைய 15 சிக்கும். இரண்டிலும் பழுது விகிதம் ஒன்றே, எடுத்த சதவீதமும் ஒன்றே. கணிப்பின் துல்லியத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது எத்தனை பீஸ் எடுத்தோம் என்ற எண்ணிக்கைதான்.

எப்படி எடுத்தோம் என்பதும் முக்கியம். ஒரு தையல் மெஷினில் ஊசி முனை மழுங்கினால், அதில் அடுத்தடுத்து வரும் பீஸ்களிலெல்லாம் ஓட்டை விழும். அவை ஒரே பெட்டிக்குள் போய்ச் சேரும். கைக்கு எட்டும் மேல்பெட்டிகளை மட்டும் திறந்தால் அந்தப் பெட்டி தப்பிவிடும், மேலே போட்ட கணக்கு எதுவும் செல்லாது. ஆகவே 'இரண்டு சதவீதம்தான் டேமேஜ்' என்று யாராவது சொன்னால், எத்தனை பீஸ் பார்த்தீர்கள், எந்தெந்தப் பெட்டியிலிருந்து எடுத்தீர்கள் என்று கேளுங்கள்.