பொலி: ஒரு சொல்லின் கணக்கு

'உபரி' என்று நாம் எழுதிப் பழகிய சொல்லுக்கு வடமொழியில் 'மேலே' என்பதே பொருள். அரசும் நிலவுடைமையும் எடுத்துக்கொண்ட பங்கின் பெயர் 'மேல்வாரம்'. இரண்டும் மேலேயிருந்து பார்த்துச் சொன்ன சொற்கள். கீழே, களத்தில் கிடந்த சொல் வேறு: பொலி.

தாமிரவருணிக் கரையில் கார், பிசானம் இரண்டு பூவிலும் சூடடித்துத் தூற்றிக் குவித்த நெல்தான் பொலி. வினையாக வந்தால் பெருகுதல், செழித்தல். பசுவோடு சேர விடுவது பொலிகாளை. அளக்கும்போது முதல் மரக்காலை 'ஒண்ணு'ன்னு எண்ணுவதில்லை, 'லாபம்'ன்னுதான் தொடங்குவது வழக்கம்.

இதே சொல் கோயிலுக்குள் போனபோது என்ன ஆச்சு? 9ஆம் நூற்றாண்டில் வரகுண பாண்டியன் திருச்செந்தூர்க் கோயிலுக்கென 1400 காசு வைத்தான். கொற்கை, வரகுணமங்கலம் உள்ளிட்ட ஊரார் அதைப் பெற்றுக்கொண்டு, முதல் குறையாமல், ஆண்டுதோறும் 'பொலிசை'யை நெல்லாக அளக்க வேண்டும். பொலிசை என்றால் வட்டி. விளைந்தது வயலில், கல்வெட்டிலோ காசே ஈன்றதுபோல் ஆகிவிடுகிறது. கிரேக்கத்தில் 'டோகோஸ்' என்ற ஒரே சொல் ஈன்ற குட்டிக்கும் வட்டிக்கும் வழங்கியதை அரிஸ்டாட்டில் கவனித்தார். அதை மார்க்ஸ் 'மூலதன'த்தில் (1867) எடுத்தாள்கிறார்.

நடுகையும் அறுப்பும் காணாமல் போவது இந்தப் பெயர்மாற்றத்தில்தான். 'உபரி'யைக் கைவிடச் சொல்லவில்லை. அதைப் பொலிக்குப் பக்கத்தில் வைத்துப் படிப்போம். 'எவ்வளவு மிஞ்சிச்சு?' என்று மட்டும் கேட்பது மேல்வாரக்காரன் கணக்கு. 'யார் கையால மிஞ்சிச்சு?' என்பது நாத்து நட்டவளின் கணக்கு.