ஒலிக் குமிழுக்குள் ஓர் இயற்பியல் பாடம்

ஜார்ஜ்டவுன் லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையில் ஒரு பவர் ஆம்ப்ளிஃபையர் வாங்கினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன், அதில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழே இல்லை. சிடி பிளேயரை நேரடியாக இணைத்தபோது வீடே அதிர்ந்தது. அம்மா கரண்டியும் கையுமாகச் சமையலறையிலிருந்து ஓடி வந்துவிட்டார்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு ப்ரீஆம்ப் வேண்டும். பகுதி நேர வேலையில் சேர்த்த பணம் கையில் இருந்தது. எதை வாங்குவது என்று தேடத் தொடங்கினேன். முடிவில் என் பணத்தைக் காப்பாற்றியது, பள்ளியில் படித்த இயற்பியல் பாடம்தான்.

இசைத்தட்டு காலத்தில் ஊசியிலிருந்து கிடைத்த மின்னழுத்தம் சில மில்லிவோல்ட் மட்டுமே. அதைப் பெருக்கித் தரத்தான் ப்ரீஆம்ப் தேவைப்பட்டது. 1982-இல் ஜப்பானில் சிடி பிளேயர் விற்பனைக்கு வந்ததும் நிலைமை மாறியது. அதன் முழு வெளியீடு பொதுவாக 2 வோல்ட். பெரும்பாலான பவர் ஆம்ப்ளிஃபையர்களுக்கு 1 முதல் 2 வோல்ட்டே போதும். ஆகவே, பெருக்க வேண்டியதில்லை, குறைத்தால் போதும். மின்சாரமே இல்லாமல் அந்த வேலையை மட்டும் செய்யும் பெட்டிக்குப் பேசிவ் ப்ரீஆம்ப் என்று பெயர்.

இதில் மூன்று வகைகள் பரவலாகக் கிடைக்கின்றன. முதலாவது, சாதாரணக் குமிழ். தொடராக இணைந்த இரு மின்தடைகள் மின்னழுத்தத்தைப் பங்கிடும் அதே பாடம்தான். மலிவானது, ஆனால் சத்தத்தை மிகவும் குறைக்கும்போது இடது, வலது ஒலி சற்று ஏறுக்குமாறாகலாம். இரண்டாவது, படிப்படியாகத் திரும்பும் குமிழ். ஒவ்வொரு படியிலும் அளவு மாறாத மின்தடைகள் இருப்பதால் இரு பக்கமும் சமமாக இருக்கும். மூன்றாவது, மின்மாற்றி வகை. கம்பிச் சுற்றுகளின் விகிதத்தால் மின்னழுத்தத்தைக் குறைக்கும். மூன்றிலும் விலை கூடியது இதுதான்.

என் மனம் மூன்றாவதில் நின்றது. நண்பனின் மாமாவிடம் அப்படி ஒன்று இருந்தது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டில் கேட்டதும் மயங்கிவிட்டேன். "இதையே வாங்கப் போகிறேன் மாமா" என்றேன். அவர் சிரித்தார். "தம்பி, சத்தம் கொஞ்சம் கூடினாலே எல்லாம் நல்லாத்தான் கேட்கும். எடுத்துட்டுப் போ. சத்தத்தைச் சமமா வெச்சுக் கேட்டுப் பாரு. அதுக்கு அப்புறம் முடிவு பண்ணு."

அப்படியே செய்தேன். அந்த மின்மாற்றிப் பெட்டியோடு 10 கிலோஓம், 100 கிலோஓம் என இரண்டு சாதாரணக் குமிழ்களையும் எடுத்துக்கொண்டேன். 400 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை வைத்து, மூன்றையும் 1 விழுக்காட்டு வேறுபாட்டுக்குள் சமப்படுத்தினேன். பிறகு மெல்லிய ஒலியில் பதிவான ஒரு பழைய பஜனைப் பாடல். குமிழைப் பாதி மின்னழுத்தம் வரை திறந்தால்தான் நன்றாகக் கேட்டது. எது ஓடுகிறது என்று எனக்குத் தெரியாதபடி நண்பன் பத்து முறை மாற்றி மாற்றி இணைத்தான்.

மின்மாற்றிக்கும் 10 கிலோஓம் குமிழுக்கும் நடுவே பத்துக்கு ஆறு முறைதான் சரியாகச் சொன்னேன். காசைச் சுண்டிப் போட்டாலும் ஐந்து கிடைக்குமே! ஆனால் 100 கிலோஓம் குமிழைப் பத்து முறையும் கண்டுபிடித்துவிட்டேன். ஜால்ராவின் கூர்மை மழுங்கியிருந்தது. பத்தில் ஒன்பதோ பத்தோ வெறும் ஊகத்தில் சரியாக அமைய 1024-இல் 11 வாய்ப்புகளே உண்டு. ஆகவே அது பிரமை இல்லை.

காரணத்தைக் கணக்கில் தேடினேன். குமிழ் பாதியில் நிற்கும்போது மேலே 50, கீழே 50 கிலோஓம். அடுத்த கருவியிலிருந்து பார்த்தால் இவை பக்க இணைப்பு. எனவே 25 கிலோஓம். என் ஆம்ப்ளிஃபையரின் உள்ளீட்டு மின்தடை 100 கிலோஓம். அதையும் பக்க இணைப்பாகச் சேர்த்தால் 20. கேபிளும் சும்மா இருப்பதில்லை. அது ஒரு சிறு மின்தேக்கி. மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் என்று வைத்தால், என் 5 மீட்டர் கேபிளுக்கு 500. மின்தடை, மின்தேக்குத்திறன், 2π ஆகிய மூன்றையும் பெருக்கி 1-ஐ அதனால் வகுத்தால் சுமார் 15,900 ஹெர்ட்ஸ் வரும். அங்கே ஒலி 3 டெசிபல் குறைகிறது. 10,000 ஹெர்ட்ஸிலேயே 1.4 டெசிபல் போய்விடுகிறது. ஜால்ராவின் பளபளப்பு இருப்பது அந்தப் பகுதியில்தான். 10 கிலோஓம் குமிழுக்கு அதே கணக்கைப் போட்டால் 1,30,000 ஹெர்ட்ஸ். மனிதக் காதின் எல்லையோ 20,000.

அப்படியானால் 100 கிலோஓம் குமிழ் மட்டமானதா? கேபிளை 1 மீட்டராக்கி மீண்டும் கேட்டேன். எல்லை 80,000 ஹெர்ட்ஸை நெருங்கியது. ஜால்ரா திரும்பி வந்தது. என்னாலும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. குமிழில் குறையில்லை. அதற்குப் பொருந்தாத கேபிளைக் கொடுத்தவன் நான்தான்.

மின்மாற்றி வீண் என்றும் சொல்ல மாட்டேன். மின்னழுத்தத்தைப் பாதியாக்கும்போது அது வெளியீட்டு மின்தடையை நான்கில் ஒன்றாக்குகிறது. நீண்ட கேபிள் போட வேண்டிய வீட்டுக்கு அது உதவும். என் அறைக்குத் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். மலிவான குமிழுக்கும் எல்லை உண்டு. முன்னால் இருக்கும் கருவியின் வெளியீட்டு மின்தடை அதிகமாக இருந்தால் 10 கிலோஓம் அதற்குச் சுமையாகிவிடும்.

மாணவ நண்பர்களே, நீங்களும் இப்படி ஒன்றை வாங்கப் போனால் கடையில் மூன்று எண்களைக் கேளுங்கள்: முன்னால் உள்ள கருவியின் வெளியீட்டு மின்தடை, பின்னால் உள்ளதன் உள்ளீட்டு மின்தடை, நடுவில் ஓடும் கேபிளின் நீளம். விலையை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

மாமாவிடம் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன். "என்ன தம்பி, வாங்கலையா?" என்றார். 10 கிலோஓம் குமிழையும் ஒரு குட்டைக் கேபிளையும் காட்டினேன். மிச்சப் பணத்தில் வாங்கிய பாட்டுத் தட்டுகளையும் காட்டினேன். முதல் தட்டை அவர் வீட்டிலேயே போட்டுக் கேட்டோம்.