அஞ்சடி வாசலுக்கு ஒரு கண்ணாடிக் கதவு

இன்னைக்கு எபிசோட் ஒரு கதவைப் பத்தி. சிரிக்காதீங்க, இதுக்காக நான் ரெண்டு மாசம் அலைஞ்சிருக்கேன்.

எங்க பாட்டிக்கு இடுப்பு எலும்பு உடைஞ்சு வீல்சேருக்கு வந்தப்போ, எங்க சென்னை ஃபிளாட்ல டைனிங் இடத்தையே அவங்க ரூமா மாத்தினோம். ஹாலுக்கும் அந்த இடத்துக்கும் நடுவுல கதவே இல்லாத ஒரு வாசல். அகலம் அஞ்சடி, உயரம் ஏழடி. ஏசி போடணும்னா அதை மூடணும். மரக்கதவுன்னு சொன்னதும் பாட்டி, "என்னைப் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டப் போறியா?"ன்னாங்க. ஹால்ல யார் வர்றா, யார் போறாங்கிறது அவங்களுக்குத் தெரிஞ்சாகணும். வீல்சேர் தினமும் போகணும், அவசரம்னா மூணடி அகலக் கட்டிலும் வெளிய வரணும். அதனால கண்ணாடி.

இவ்வளவு பெரிய கண்ணாடி கிடைக்குமான்னுதான் முதல்ல பயந்தேன். அது பயப்பட வேண்டிய விஷயமே இல்லை. உருகின தகரத்து மேல உருகின கண்ணாடியை மிதக்கவிட்டுத்தான் ஷீட் தயாரிக்கிறாங்க. ஃபேக்டரியில இருந்து வர்ற பெரிய ஷீட் 3.2 மீட்டருக்கு 6 மீட்டர் வரைக்கும் இருக்கும். அதுல நம்ம கதவு ஒரு மூலைக்குத்தான் வரும். கஷ்டமெல்லாம் அதைத் தாங்குற இரும்புலயும், அது வீட்டுக்குள்ள வர்ற வழியிலயும்தான் இருக்கு.

கணக்கைப் பாருங்க. ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு 2.5 கிலோ. கதவுக்கு வழக்கமா போடுற 12 மில்லிமீட்டர்னா சதுர மீட்டருக்கு 30 கிலோ. ஆபீஸ்ல நாம பார்க்குற மூணடிக் கதவு 57 கிலோ பக்கம் வரும். அதே உயரத்துல அஞ்சடிக் கதவு 95 கிலோ. சரி, 95 கிலோ தாங்குற ஐட்டம் கடையில இருக்கேன்னு தோணும். எனக்கும் தோணுச்சு.

ஆனா கதவு தராசுத் தட்டுல உட்கார்ந்திருக்கலையே, ஓரத்துல பிடிச்சுத் தொங்குது. கையை நீட்டி பக்கெட் தூக்கிப் பாருங்க, தோள் எப்படி வலிக்குதுன்னு. அகலம் கூடும்போது எடையும் கூடுது, அந்த எடை பிடிமானத்தை விட்டுத் தள்ளியும் போகுது. ரெண்டும் சேர்ந்து பெருகும். மூணடியை அஞ்சடி ஆக்கினா எடை ஒண்ணரை மடங்குக்குக் கொஞ்சம் மேல, ஆனா மேல் பிவட்டைப் பக்கவாட்டுல இழுக்குற விசை கிட்டத்தட்ட மூணு மடங்கு. உயரத்தைக் கூட்டினா இந்தத் தொல்லை வராது. மேல் பிவட், கீழ் பிவட் நடுவுல தூரமும் கூடுறதால இழுப்பு அப்படியே இருக்கும். உயரமான கதவுக்குச் சுலபமா தலையாட்டுற ஃபிட்டர், அகலமான கதவுன்னதும் தலையைச் சொறியுறது இதனாலதான்.

தரையில புதைக்கிற ஃப்ளோர் ஸ்பிரிங்ல ரெண்டு வரம்பு இருக்கும்: எடை, அகலம். ஐரோப்பிய தரமான ஈஎன் 1154 கணக்குல 4-ம் சைஸ் 80 கிலோ, 1100 மில்லிமீட்டர் வரைக்கும். 5-ம் சைஸ் 100 கிலோ தாங்கும், ஆனா அகலம் 1250 வரைக்கும்தான். நம்ம அஞ்சடி 1500-க்கு மேல. எடையை மட்டும் பார்த்திருந்தா 5-ஐ வாங்கிட்டு வந்திருப்பேன். அகலத்தைப் பார்த்தா 7 வேணும்.

அதைப் புதைக்க டைல்ஸுக்குக் கீழ அஞ்சு சென்டிமீட்டராவது தோண்டணும். ஃபிளாட்ல தரைக்குக் கீழ இருக்கிறது கீழ் வீட்டுக்காரர் சீலிங்ங்க! கான்கிரீட் கம்பியைத் தொடாம பள்ளம் கிடைக்குமான்னு முதல்லயே பார்த்துடுங்க.

அப்புறம் லிஃப்ட். ஏழடிக்கு அஞ்சடி கண்ணாடி எங்க லிஃப்ட்ல நுழையாது. மாடிப்படி திரும்புற இடத்துலயும் திரும்பாது. கயிறு கட்டி பால்கனி வழியா ஏத்தலாம்னாங்க. மூணாவது மாடிக்கு, 95 கிலோ! அம்மா அன்னைக்கே "வேண்டவே வேண்டாம்"னுட்டாங்க.

ஸ்லைடிங் கதவுதான் புத்திசாலித்தனம்னு நிறைய பேர் சொல்வாங்க. எடை முழுக்க வீல் மேல இறங்கும், பிவட் பிரச்சினையே இல்லை. ஆனா ஒரே பலகையா நகரணும்னா பக்கத்துல அஞ்சடி வெறும் சுவர் வேணும். எங்களுக்கு அங்க ஸ்விட்ச்போர்டும் சாமி அலமாரியும். ரெண்டு பலகையா ஒண்ணு மேல ஒண்ணு நகர்ற மாதிரி போட்டா திறக்கிற வழி பாதிதான், கட்டில் வராது. தரையில டிராக் வச்சா வீல்சேர் தட்டும்.

கடைசியில ஒரே கதவுங்கிற ஆசையை விட்டுட்டோம். ரெண்டு பலகை, ஆனா சமமா இல்லை. ரெண்டரை ரெண்டரைன்னு பிரிச்சா பார்க்க அழகு, வீல்சேர் தள்ளும்போது கைமுட்டி உரசும். அதனால மூணடி ஒண்ணு, ரெண்டடி ஒண்ணு. மூணடி தினப்படிக்கு. ரெண்டடி மேலயும் கீழயும் தாழ்ப்பாள் போட்டு நிற்கும், கட்டில் வரணும்னா அதையும் திறந்துக்கலாம். கீழ இருக்குற அரை சென்டிமீட்டர் இடைவெளியில ஏசி காத்து போகாம இருக்க பிவிசி ஸ்ட்ரிப்.

இதுல என் கைங்கரியமும் உண்டு. அளவு எடுத்தது நான். கீழ மட்டும் டேப் வச்சேன். மேல பூச்சு தடிச்சு அரை அங்குலம் குறைஞ்சிருக்கு! டஃபன்ட் கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல சூடாக்கி, சட்டுனு காத்தடிச்சுக் குளிர வைக்கிறாங்க. அதுக்கப்புறம் ஒரு நூல் அளவுகூடச் சீவ முடியாது, துளை போட முடியாது. தொட்டா மொத்தமா நொறுங்கிடும். மூணடிப் பலகை வீணாகி, மறுபடி ஆர்டர் போட்டோம். டைல்ஸும் பூச்சும் முடிஞ்ச பிறகு மேல, நடுவுல, கீழ மூணு இடத்துல அளந்து, குறைஞ்சதை எடுங்க. செவ்வகம் சரியா இருக்கான்னு மூலைக்கு மூலையும் அளங்க. கண்ணாடி வந்ததும் மூலையில டஃபன்ட் முத்திரை இருக்கான்னு பார்த்துட்டுப் பணம் கொடுங்க.

கண்ணாடி இருக்கறதே தெரியாம யாரும் முட்டிடக் கூடாதுன்னு கண் உயரத்துல ஸ்டிக்கர் ஒட்டினோம். பாட்டி பார்த்துட்டு, "எனக்கு எங்கடா?"ன்னாங்க. வீல்சேர்ல உட்கார்ந்தா அவங்க கண் நாலடியில இருக்கு. அங்கேயும் ஒரு வரிசை ஒட்டினோம்.