குளிர் நாளில் மீன் கடிக்க...



டிசம்பர் பிறந்து மழையும் குளிருமாக ஊர் இருண்டுவிட்டால், தூண்டிலோடு ஓயாவுக்குப் போகும் நம் பிள்ளைகள் வெறுங்கையோடு திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். என்னிடம் ஓத வரும் மாணவன் ஒருவன் ஒரு சனிக்கிழமை அப்படித்தான் நனைந்துபோய் வந்து நின்றான். மீன் கிடைக்காததைவிட அவன் சொன்ன செய்திதான் என் மனதை உறுத்தியது. "மேல மடுவில மருந்து ஊத்தி அள்ளுறாங்க மௌலவி. இந்தக் குளிருக்குத் தூண்டில் போட்டா ஒண்ணும் கிடைக்காதாம்."

தோட்டத்தில் பூச்சிக்கும் புல்லுக்கும் தெளிக்கிற மருந்தைத்தான் சொன்னான். அதே தண்ணீரில்தான் கீழே லயத்துப் பெண்கள் குளிக்கிறார்கள், துணி கழுவுகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். குளிரில் தூண்டிலுக்கு மீன் கிடைக்காது என்பது சரியல்ல. கோடையில் போட்ட தூண்டிலை அப்படியே குளிரிலும் போட்டால்தான் கிடைக்காது.

மீனுக்கு நம்மைப் போல உடற்சூடு தனியாக இல்லை. நீர் எவ்வளவு குளிரோ, ஏறக்குறைய அவ்வளவு குளிர்தான் அதன் உடம்பும். குளிர் கூடும்போது சமிபாடு தாமதமாகிறது, பசி குறைகிறது. கோடையில் ஓடியாடி மேய்ந்த மீன், இப்போது ஓட்டம் குறைந்த இடம் பார்த்து அடியில் ஒதுங்கிவிடும். இரையைத் துரத்தாது, வாய்க்கு அருகில் வந்தால் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும்.

எல்லா மீனும் ஒரே மாதிரி அல்ல. நம் நீர்நிலைகளில் பெருகிக் கிடக்கும் திலாப்பியா 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்க மீன். வெப்ப நாட்டுப் பிறவியான அதற்கு, நீர் 20 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் தீனி குறையும். 16 பாகைக்குக் கிட்ட வந்தால் அநேகமாக வாயை மூடிக்கொள்ளும். பதுளை நகரம் ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்திலும், பண்டாரவளை 1,200 மீற்றருக்கு மேலேயும், ஹப்புத்தளை 1,400 மீற்றருக்கு மேலேயும் இருப்பதை நினைத்துப் பாருங்கள். ஹப்புத்தளைப் பக்கத்தில் சும்மா கிடக்கும் திலாப்பியா, அதே நாளில் பதுளை ஓயாவில் துன்ஹிந்தவுக்குக் கீழே கடிக்கலாம். ஜனவரியில் பஸ் ஏறிக் கீழே இறங்கிப்போய் மீன் பிடிப்பவர்கள் விவரம் தெரிந்தவர்கள்தான்.

இதற்கு நேர்மாறானது ட்ரவுட். குளிர்ந்த நாட்டு மீனான அதை 1880களில் வெள்ளைக்காரத் துரைமார் கொண்டுவந்து நுவரெலியாப் பக்கத்து ஓடைகளில் விட்டார்கள். இறகைக் கட்டிச் செய்த பொய் ஈயைப் போட்டுப் பிடிப்பது அவர்களுடைய பொழுதுபோக்கு. நம் வீட்டுச் சட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, விட்டுவிடுவோம்.

அந்தத் துரைமாரின் நாட்டு முறையை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது. அங்கே குளிர் காலத்தில் நீர் தெளிந்து கிடக்கும் நாட்கள் அதிகம். ஊவாவில் குளிரும் வடகீழ்ப் பருவ மழையும் சேர்ந்து வருகின்றன. ஆகவே நமக்கு இரண்டு விதமான குளிர் நாட்கள் உண்டு. நீர் கலங்கிய நாள் ஒன்று. மழை விட்டு, வெள்ளம் வடிந்து, நீர் தெளிந்து சில்லிட்டிருக்கும் நாள் மற்றது. இரையும் தூண்டிலும் இந்த இரண்டுக்கும் வெவ்வேறு.

கலங்கிய நீரில் மீனுக்குக் கண் உதவாது, மணம்தான் வழிகாட்டும். மண்புழுவை மிஞ்சிய இரை அப்போது இல்லை. மழைக்குப் புழு மேலே வந்துவிடுவதால் தேடி அலையவும் வேண்டாம். மா உருண்டை போடுபவர்கள் அதில் ஒரு சிட்டிகை மாசித் தூளோ கருவாட்டுத் தூளோ சேர்த்துப் பிசையலாம். ஈயம் சற்றுக் கனமாக இருக்கட்டும். இல்லாவிட்டால் ஓட்டம் இரையை அடியில் தங்கவிடாது. பெரிய கல்லின் பின்புறம், பாலத் தூணின் மறைவு, சிற்றாறு வந்து சேரும் முனை போன்ற நீர் சுழன்று தணியும் இடங்களில் இறக்குங்கள்.

தெளிந்த நாளில் இதையெல்லாம் மாற்ற வேண்டும். தடித்த தங்கூசி நூலை மீன் கண்டுகொள்ளும், மெல்லியதாகப் போடுங்கள். முள்ளும் சிறியதாகட்டும். கடையில் கேட்கும்போது, நம்பர் கூடக்கூட முள் சிறுக்கும் என்பது நினைவிருக்கட்டும். கோடையில் 8 போட்டவர் 12 அல்லது 14 வாங்கலாம். முழுப் புழு வேண்டாம், அரைப் புழு போதும். பாண் என்றால் சுண்டுவிரல் நகத்தளவு.

மா உருண்டை பற்றி ஒரு வார்த்தை. பிசையும்போது தேங்காயெண்ணெய் விடுவது நம்மில் பலருக்குப் பழக்கம். ஆனால் டிசம்பரில் உங்கள் குசினிப் போத்தலில் அந்த எண்ணெய் என்ன ஆகிறது? உறைந்து வெள்ளைக் கட்டியாகிவிடுகிறது அல்லவா! தூண்டில் முனையிலும் அதுவேதான் நடக்கும். உருண்டை கல்லாகி, மணம் வெளியே கசியாது. குளிர் நாளில் நல்லெண்ணெய் சில துளி விடுங்கள், அல்லது கனிந்த வாழைப்பழத்தைப் பிசைந்து சேருங்கள்.

தக்கையையும் கவனிக்க வேண்டும். குளிரில் மீன் இழுத்துக்கொண்டு ஓடாது. வாயில் வைத்துப் பார்க்கும், அவ்வளவுதான். பெரிய தக்கை அதைக் காட்டாது. கோழி இறகின் காம்பை வெட்டி, நுனி மட்டும் நீருக்கு மேலே தெரியும்படி கட்டினால், அது லேசாக நடுங்குவதையும் சாய்வதையும் காணலாம். அப்போது வெடுக்கென்று இழுக்காமல் மெதுவாகத் தூக்குங்கள். நைலோன் நூல் குளிரில் விறைத்துச் சுருள் விழும். போகுமுன் வெதுவெதுப்பான நீரில் நனைத்து நீட்டிவிட்டால் சரியாகும்.

நேரமும் மாற வேண்டும். மதரஸாவில் ஓதிய காலத்தில் சுபஹ் தொழுததும் ஆற்றுக்கு ஓடியவன் நான். எத்தனையோ குளிர் காலைகளை அப்படி வீணாக்கியிருக்கிறேன். குளிர் நாளில் வெயில் ஏறி நீர் கொஞ்சம் சூடாகும் 11 மணியிலிருந்து 3 மணி வரைதான் நல்ல நேரம். நடுவில் ளுஹரைத் தொழுதுவிட்டு மீண்டும் உட்காரலாம்.

பெற்றோர்களே, ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஓயா செம்மண் நிறமாகி, சருகும் கொப்பும் வரத் தொடங்கினால், தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு பிள்ளை கரையேறிவிட வேண்டும். இங்கே வெயிலடித்தாலும் மேலே மலையில் மழை பெய்துகொண்டிருக்கலாம். 2025 நவம்பரில் டித்வா சூறாவளி வந்தபோது பதுளை மாவட்டம் பட்ட பாட்டை நாம் கண்ணால் கண்டவர்கள்.

இனி அந்த மருந்துக்கு வருவோம். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் உயிரின வளங்கள் சட்டப்படி நஞ்சு, வெடி, மயக்கும் பொருள் கொண்டு மீன் பிடிப்பது குற்றம். மார்க்கத்தின் பக்கமும் பார்ப்போம். மீனை அறுக்கத் தேவையில்லை, செத்த மீனும் ஆகும் என்பது ஷாபிஈ மத்ஹபில் நம் பிள்ளைகள்கூட அறிந்த சட்டம். அதைச் சொல்லித்தான் சிலர் சமாதானம் தேடுகிறார்கள். உடம்புக்குத் தீங்கு செய்யும் நஞ்சு ஏறிய மீனுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஊற்றியவர் அள்ளுவது பெரிய மீன் பத்தோ பதினைந்தோ. செத்துப்போவது அந்த மடுவின் குஞ்சும் இறாலும், மீன் தின்னும் பூச்சியும்தான். அடுத்த ஏப்ரலில் வெயில் வந்த பிறகும் அங்கே தூண்டில் போட்டு என்ன பயன்?

அந்த மாணவனுக்கு மெல்லிய நூலும் 12ஆம் நம்பர் முள் இரண்டும் வாங்கிக் கொடுத்தேன். மூன்றாம் வாரம் அஸருக்குக் கொஞ்சம் முந்தி நாலு திலாப்பியாவோடு வந்தான். பெரியது என் உள்ளங்கை அளவு இருக்கும். இரண்டை எனக்கு நீட்டினான். நான் வாங்கவில்லை, அவன் வீட்டில் ஆணத்துக்கு அந்த நாலும்தான் இருந்தன.