வீட்டு ஒலியமைப்பில் சப்வூஃபர்

சப்வூஃபர் என்பது மிகத் தாழ்ந்த அதிர்வெண் கொண்ட ஒலிகளை மட்டும் எழுப்புவதற்கென வடிவமைக்கப்பட்ட ஒலிபெருக்கி ஆகும். மனிதச் செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கவல்லது. வீட்டுச் சப்வூஃபர்கள் பொதுவாக 20 முதல் 200 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியைக் கையாளுகின்றன. 5.1 என்னும் ஒலியமைப்பில் 5 என்பது முதன்மை ஒலித்தடங்களையும், புள்ளிக்குப் பின் வரும் 1 என்பது தாழ் அதிர்வெண் தடத்தையும் குறிக்கும்.

தேவை

அதிர்வெண் பாதியானால், அதே ஒலியளவைப் பெற ஒலிபெருக்கியின் கூம்பு நான்கு மடங்கு தொலைவு அசைய வேண்டும். சிறிய ஒலிபெருக்கிகளின் 4 அல்லது 5 அங்குலக் கூம்புகளால் இது இயலாது. எனவே அப்பணி 8 முதல் 12 அங்குலக் கூம்புள்ள தனிப் பெட்டியிடம் விடப்படுகிறது. எனினும் பேச்சும் பாடகரின் குரலும் பெரும்பாலும் முதன்மை ஒலிபெருக்கிகளிலிருந்தே வருகின்றன. ஆகவே பணம் குறைவாக இருப்பின் முதலில் நல்ல முதன்மை இணையை வாங்கிவிட்டுச் சப்வூஃபரைப் பின்னர் சேர்ப்பதே பொருத்தமானது.

பெட்டி வகைகள்

மூடிய பெட்டியில் ஒலி படிப்படியாகக் குறைவதால் தாளம் துல்லியமாகக் கேட்கும். துளையுள்ள பெட்டி, அதன் இசைவு அதிர்வெண்ணை ஒட்டி, அதே திறனில் கூடுதல் ஒலி தரும். அதற்குக் கீழே ஒலி விரைந்து வீழ்ந்துவிடும். இசைக்கு முதல் வகையையும் திரைப்படத்திற்கு இரண்டாம் வகையையும் பலர் விரும்புகின்றனர்.

வாட் கணக்கு

பெட்டியின் மேல் அச்சிடப்படும் பி.எம்.பி.ஓ. எண் நொடிப்பொழுது உச்சத்தைக் காட்டும் விளம்பர அளவே. அதற்குப் பொதுவான அளவீட்டு முறை இல்லை. தொடர்ந்து தரக்கூடிய திறனைக் காட்டும் ஆர்.எம்.எஸ். எண்ணையே ஒப்பிட வேண்டும். உணர்திறனும் முக்கியமானது. 90 டெசிபல் உணர்திறனுள்ள ஒலிபெருக்கி 50 வாட்டில் தரும் ஒலியை, 87 டெசிபல் உள்ளது தர 100 வாட் தேவைப்படும்.

அறையும் இடமும்

ஒலி சுவர்களுக்கிடையே எதிரொளித்துச் சில அதிர்வெண்களை மிகைப்படுத்தும். 12 அடி நீள அறையில் இது சுமார் 47 ஹெர்ட்ஸிலும், 10 அடி அகலத்தில் சுமார் 56 ஹெர்ட்ஸிலும் தொடங்கும். சதுர அறையில் இவ்விரண்டும் ஒன்றாவதால் முழக்கம் கூடும். மூலையில் வைத்தால் ஒலி மிகும். ஆனால் தெளிவு குறையலாம். சப்வூஃபரைத் தற்காலிகமாக அமரும் இடத்தில் வைத்து, பாடலை ஒலிக்கவிட்டு, தரையோடு குனிந்து அறையைச் சுற்றிக் கேட்டு, ஒலி சீராக உள்ள இடத்தைக் கண்டறிவது எளிய வழியாகும்.

ஏறத்தாழ 80 ஹெர்ட்ஸுக்குக் கீழான ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்பதைச் செவியால் எளிதில் அறிய முடியாது. இதனாலேயே முதன்மை ஒலிபெருக்கிகளுக்கும் சப்வூஃபருக்கும் இடையிலான பிரிப்பு அதிர்வெண் பெரும்பாலும் 80 ஹெர்ட்ஸாக வைக்கப்படுகிறது.

அண்டை வீட்டார்

தாழ் அதிர்வெண் ஒலி சுவரையும் தளத்தையும் எளிதில் கடந்து செல்லும். அடுக்குமாடிக் குடியிருப்பில் ரப்பர் அல்லது நுரைப் பட்டையை அடியில் இடுவது தரைவழி அதிர்வை ஓரளவு குறைக்கும். காற்றுவழிச் செல்லும் ஒலியை அது தடுக்காது. அங்கு சிறிய சப்வூஃபரும், இரவில் குறைந்த ஒலியளவுமே உண்மையான தீர்வாகும்.