தாலாட்டும் நரம்பமைதியும்

தாலாட்டு என்னும் சொல்லைத் ‘தால்’, ‘ஆட்டு’ எனப் பிரித்து, நாவை அசைத்துப் பாடுவது எனப் பொருள் கூறுவர். எனினும் நம் ஆய்வாளர் பெரும்பாலும் அதன் சொற்களையே ஆராய்ந்துள்ளனர். மாமன் சீரும் குலப்பெருமையும் பேசப்பட்ட அளவிற்கு, சிசுவின் உடலில் அப்பாட்டு ஆற்றும் தொழில் பேசப்படவில்லை. சொற்பொருள் அறியாத சிசு எதனால் உறங்குகிறது?

முதலாவது காரணம் அசைவு. ஏணையின் சீரான ஆட்டத்தை உட்காதின் சமநிலை உறுப்பு உணர்ந்து மூளைக்கு அறிவிக்கிறது. மடியில் வைத்திருப்பதைவிடத் தூக்கிக்கொண்டு நடக்கையில் சிசுவின் அழுகை குறைவதையும் இதயத்துடிப்புத் தணிவதையும் யப்பானிய ஆய்வொன்று 2013இல் எடுத்துக்காட்டியது.

இரண்டாவது காரணம் குரல். தாழ்ந்த தொனியும் மீண்டும் மீண்டும் வரும் ஓசையும் அடுத்து வருவதை எதிர்பார்க்கச் செய்து அச்சத்தைத் தணிக்கின்றன. நெட்டுயிர்களை நீட்டிப் பாடுகையில் பாடுபவளின் வெளிமூச்சும் நீள்கிறது. வெளிமூச்சின்போது வேகசு நரம்பின் செயற்பாடு மிகுந்து இதயம் மெல்லத் துடிக்கிறது. ஆதலின் தாலாட்டு தாயையும் ஆற்றுகிறது. அவள் தன் துயரை அதிலே கொட்டியமை தற்செயலன்று.

ஆயின் இவ்வாறுதல் யாவர்க்கும் ஒருங்கே கிட்டுவதன்று. மலையகத்திலே கொழுந்து பறிக்கச் செல்லும் தாய் தன் சிசுவைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுச் செல்கிறாள். அவளிடம் இல்லாதது பாட்டன்று, பாடுவதற்கான பொழுதே. எனவே தாலாட்டை ஆராய்வோர் சொல்லை ஏட்டில் பதிவதோடு அமையாது, குரலையும் அசைவையும், அவற்றை மறுக்கும் உழைப்பு நிலைமைகளையும் சேர்த்தே ஆராய்தல் வேண்டும்.