பொருத்தம் பார்க்க வேண்டிய பிஸ்டல்

கல்யாண வீட்டுக்குப் பாத்திரம் இரவல் கொடுத்தவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். தூக்கில் நம் வீட்டுப் பெயர் வெட்டியிருக்கும். திரும்பி வந்த மூடியிலோ யார் பெயரோ இருக்கும். மூடி என்னவோ சரியாகத்தான் பொருந்துகிறது. ஆனாலும் மனசு ஒப்புகிறதா?

அமெரிக்காவில் பழைய துப்பாக்கி சேகரிப்பவர்களுக்கும் இதே சங்கடம் உண்டு. ஆசை ஆசையாக ஜெர்மன் 'லூகர்' பிஸ்டல் ஒன்றை வாங்கி வந்து, மேஜைமேல் பிரித்துப் பார்க்கிறார் ஒருவர் என்று வைத்துக் கொள்ளுங்கள். உடலில் ஓர் எண்; குழலில் வேறோர் எண்! "திருட்டுச் சாமானோ?" என்று அவருக்கு வயிற்றைக் கலக்குகிறது.

கலங்க வேண்டாம். முதலில் அத்தனை எண்கள் எதற்கு என்று பார்ப்போம்.

ஜெர்மன் தரைப்படை 1908-ல் ஏற்றுக்கொண்ட பிஸ்டல் இது. இரண்டு உலக யுத்தங்களையும் பார்த்துவிட்டது. தொழிற்சாலையில் பாகங்களைக் கையால் ராவி இழைத்து, ஒன்றோடொன்று ஒத்துப் போகும்படி சேர்த்தார்கள். ஒன்றுக்கு இழைத்த பாகம் மற்றொன்றில் அப்படியே உட்காரும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் உடலிலும் குழலிலும் முழு எண்ணையும், சின்னஞ்சிறு பாகங்களில் கடைசி இரண்டு இலக்கங்களையும் பொறித்தார்கள். சலவைக்காரர் துணியில் போடுகிற குறி மாதிரிதான்! எண் பத்தாயிரத்தை எட்டியதும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கி, கூடவே ஓர் எழுத்தைச் சேர்த்தார்கள். ஆகவே இலக்கம் ஒத்தால் மட்டும் போதாது. எழுத்தும் ஒத்திருக்க வேண்டும்.

பிறகு எப்படி மாறிற்று? போர்முனையில் நாலு சிப்பாய்கள் ஒன்றாக உட்கார்ந்து துடைத்தால் மாறாமல் என்ன செய்யும்! குழல் தேய்ந்தால் ராணுவப் பட்டறையில் வேறு குழல் போட்டார்கள். இரண்டாவது யுத்தத்தில் சோவியத் படை கைப்பற்றிய லூகர்களின் கதை இன்னும் வேடிக்கை. மொத்தமாகப் பிரித்து, சுத்தம் செய்து, புதுக் கறுப்பு ஏற்றி, கைக்கு வந்த பாகத்தை மாட்டி அடுக்கி வைத்தார்கள். 1990-களில் அவற்றில் பல அமெரிக்கச் சந்தைக்கு வந்தன. எண் மாறியிருப்பது அவற்றின் சரித்திரம், குற்றமல்ல.

குற்றம் வேறு இடத்தில் இருக்கிறது. எல்லா எண்களும் ஒத்த பிஸ்டலுக்கு விலை மிக அதிகம். எனவே சில கெட்டிக்காரர்கள் பழைய எண்ணை ராவி எடுத்துவிட்டுப் புது எண்ணை அடித்து விடுகிறார்கள். ஜாதகத்தைத் திருத்திப் பத்துப் பொருத்தமும் இருக்கிறது என்று சொல்வதில்லையா, அந்த வித்தைதான்! ராவிய இடம் லேசாகக் குழிந்திருக்கும். இலக்கத்தின் வடிவம் மற்ற எண்களோடு ஒட்டாது. சுற்றியுள்ள நிறமும் காட்டிக் கொடுக்கும். என்னைக் கேட்டால், மாறிய எண்ணுள்ள பிஸ்டலை நம்பலாம். எல்லாம் அச்சாக ஒத்திருப்பதைத்தான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும்.

அமெரிக்கச் சட்டம் பார்ப்பது உடலில் உள்ள எண்ணை. ரசீதிலும் அதே எண் இருக்கிறதா என்று பார்த்துக் கொள்ள வேண்டும். அந்த எண்ணையே யாராவது அழித்திருந்தால் விஷயம் விபரீதம். தெரிந்து வைத்திருப்பதே குற்றம். புத்தம் புதிய துப்பாக்கியில் எண் மாறியிருந்தாலோ, கையாளாமல் கடைக்காரரிடமே திருப்பிக் கொண்டு போவது நல்லது.

இன்னொன்று: குழலும் பூட்டும் வெவ்வேறு துப்பாக்கியைச் சேர்ந்தவையானால், விவரமறிந்த கம்மியரிடம் காட்டாமல் சுடவே கூடாது. பூட்டு சரியாக உட்காராவிட்டால் தோட்டாவின் உறை வெடித்துச் சுடுகிறவர் முகத்திலேயே வாயு அடிக்கும்.

தோட்டா அடைக்கும் பெட்டியிலும் எண் உண்டு. கெய்ஸர் காலத்தில் ஒவ்வொரு லூகருக்கும் உதிரியாக இன்னொரு பெட்டியைக் கொடுத்து, அதில் எண்ணோடு ஒரு கூட்டல் குறியும் போட்டார்கள். எளிதில் கழன்று வருவதால் முதலில் தொலைவதும் இந்தப் பெட்டிதான். அந்தக் குறியோடு ஜோடி சேர்ந்த பெட்டி கிடைக்காதா என்று வருஷக் கணக்கில் தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள். நம் தூக்கு மூடியையும் அப்படித்தானே தேடிக்கொண்டிருக்கிறோம்!